ரத்தப் புற்றுநோய்: டிரான்ஸ்பிளான்ட் முடிஞ்ச பிறகு வர்ற செலவை உங்க பாலிசி பார்த்துக்குமா?



ஹெல்த் இன்ஷூரன்ஸ் பத்திப் பேசினாலே நம்ம மனசுல வர்றது ஒரே ஒரு பெரிய பில்தான். அட்மிட் ஆவோம், சிகிச்சை நடக்கும், க்ளெய்ம் வரும், வீட்டுக்கு வந்துடுவோம். ஆனா சில நோய்கள் இந்தக் கணக்குல அடங்காது. லுகேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய், அதுல ஒண்ணு. அதுல எடுக்கிற ஒரு ரத்தப் பரிசோதனையை வச்சு, உங்க பாலிசி எந்த இடத்துல கையை விரிக்கும்னு இன்னைக்குப் பார்க்கலாம் வாங்க.

டிரான்ஸ்பிளான்ட்டோட முடியுறதில்ல

அக்யூட் மைலாய்டு லுகேமியா, சுருக்கமா ஏ.எம்.எல். கீமோதெரபிக்குப் பிறகும் நோய் திரும்பி வர வாய்ப்பு அதிகம் உள்ளவங்களுக்கு, டோனர்கிட்ட இருந்து ஸ்டெம் செல் எடுத்து டிரான்ஸ்பிளான்ட் பண்ணுவாங்க. நம்ம நாட்டுக்கு இது புதுசு இல்லை. மும்பை டாடா மெமோரியல்ல 1983-லயும், வேலூர் சி.எம்.சி.-ல 1986-லயும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கியாச்சு.

டிரான்ஸ்பிளான்ட் நல்லபடியா முடிஞ்சாலும் சிலருக்கு நோய் திரும்ப வரும். இதைத்தான் ரிலாப்ஸ்னு சொல்றாங்க. பெரும்பாலும் இது முதல் 2 வருஷத்துக்குள்ள நடக்குது. அதனால அந்த 2 வருஷமும் டாக்டர்கள் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பாங்க.

ஜீன் எக்ஸ்பிரஷன்னா என்ன?

உங்க போன்ல நூறு ஆப் இருக்கும். ஆனா இப்போ எது ஓடிட்டு இருக்குன்னு பேட்டரி யூசேஜ் பார்த்தாத்தான் தெரியும். ஜீனும் அப்படித்தான். எல்லா செல்லுலயும் ஏறக்குறைய ஒரே ஜீன்கள்தான் இருக்கு. எந்த ஜீன் எவ்வளவு ஓடுதுங்கிறதுதான் எக்ஸ்பிரஷன். அந்த ஜீன்ல இருந்து உருவாகுற ஆர்.என்.ஏ. பிரதிகளை எண்ணி இதை அளக்கிறாங்க. கோவிட் காலத்துல மூக்குல குச்சி விட்டு எடுத்தாங்களே ஆர்டி-பிசிஆர், அந்த டெக்னாலஜிதான் இங்கேயும்.

டபிள்யூ.டி.1-னு ஒரு ஜீன் இருக்கு. ஏ.எம்.எல். நோயாளிகள்ல பெரும்பாலானவங்களுக்கு இது வழக்கத்தைவிட ரொம்ப அதிகமா ஓடும். ஏ.பி.எல்.-ங்கிற ஒப்பீட்டு ஜீனோட 10,000 பிரதிக்கு, ரத்தத்துல 50-க்குள்ளயும் எலும்பு மஜ்ஜையில 250-க்குள்ளயும் இருந்தா அது சாதாரண அளவுன்னு ஐரோப்பிய லுகேமியா நெட் ஆய்வுக் குழு 2009-ல ஒரு பொது அளவுகோல் கொடுத்துச்சு.

என்.பி.எம்.1-ங்கிற ஜீன்ல மாற்றம் இருக்கிறவங்களுக்கு இன்னும் துல்லியமான வழி இருக்கு. அந்த மாறின ஜீனோட பிரதியையே நேரடியா எண்ணலாம். ஏ.எம்.எல். வந்த பெரியவங்கள்ல சுமார் 30 சதவீதம் பேருக்கு இந்த மாற்றம் இருக்கும். இப்படிக் குறிப்பான அடையாளம் எதுவும் இல்லாதவங்களுக்குத்தான் டபிள்யூ.டி.1 அதிகம் கைகொடுக்குது.

இதுல என்ன லாபம்? மைக்ராஸ்கோப்ல பார்த்தா, மஜ்ஜையில 100-க்கு 5 செல் கெட்ட செல்லா இருக்கும்போதுதான் ரிலாப்ஸ்னு சொல்வாங்க. நல்ல மார்க்கர் இருந்தா பிசிஆர் 10,000-ல ஒரு கெட்ட செல்லைக்கூடப் பிடிச்சிடும். டியூ தேதிக்கு முன்னாடியே பேங்க்ல இருந்து வர்ற அலர்ட் மெசேஜ் மாதிரி.

ஒரே ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறக்கூடாது. டபிள்யூ.டி.1 நல்ல செல்லுலயும் கொஞ்சம் ஓடும். ஒரு நாள் நிஃப்டி இறங்கினதும் எஸ்.ஐ.பி.-யை நிறுத்த மாட்டோம்ல? அதே மாதிரி டெஸ்ட்டைத் திரும்ப எடுத்து, எண் தொடர்ந்து ஏறுதான்னுதான் டாக்டர் பார்ப்பார். எல்லா ரிலாப்ஸும் இப்படி முன்கூட்டியே மாட்டிடும்னும் சொல்ல முடியாது.

நிஜமாவே ஏறினா, எதிர்ப்பு சக்தியை அடக்குற மாத்திரையைக் குறைக்கலாம், டோனரோட வெள்ளை அணுக்களை ஏத்தலாம், குறிப்பிட்ட ஜீன் மாற்றத்தைத் தாக்குற மருந்து கொடுக்கலாம். நோய் கம்மியா இருக்கும்போது இவை பலன் தர வாய்ப்பு அதிகம். அதாவது அந்தச் சில வாரம்தான் பொன்னான நேரம். அந்த நேரத்துல கையில காசு இல்லாம டெஸ்ட்டையே தள்ளிப் போட்டா?

பாலிசியில எங்கே ஓட்டை?

1. டிரான்ஸ்பிளான்ட்: ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்றை கவர் பண்ணணும்னு ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-லயே சொல்லிடுச்சு. ஆனா சில பாலிசிகள்ல இதுக்குத் தனி உச்சவரம்பு இருக்கும். அந்த வரியைத் தேடிப் படிங்க.

2. தொடர் டெஸ்ட்: டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு பொதுவா 60, 90 அல்லது 180 நாள் வரைதான். கண்காணிப்போ 2 வருஷம். மீதிக்கு ஓ.பி.டி. கவர் இல்லைன்னா உங்க பாக்கெட்தான். டெஸ்ட்டுக்காக மட்டும் அட்மிட் ஆனா க்ளெய்ம் கிடைக்காது.

3. டோனர்: கூடப்பிறந்த ஒருத்தர் முழுசா மேட்ச் ஆக 25 சதவீதம்தான் வாய்ப்பு. டோனர் தேடுற செலவும் மேட்ச் பார்க்கிற டெஸ்ட்டும் பல பாலிசியில வராது.

4. ரீஸ்டோர் வசதி: தீர்ந்த கவர் திரும்ப நிரம்பும்னு விளம்பரம் பண்ணுவாங்க. அதே நோய்க்கும் நிரம்புமான்னு கேளுங்க. ரிலாப்ஸ் வந்தா அதுதான் கேள்வியே.

இப்பவே என்ன செய்யலாம்?

ஆஃபீஸ் குரூப் பாலிசியை மட்டும் நம்பாதீங்க. வேலை போனா அதுவும் போயிடும். சொந்தமா ஒண்ணு, கூடவே சூப்பர் டாப்-அப். உடம்பு நல்லா இருக்கும்போதே எடுங்க. நோய் வந்த பிறகு கேட்டா கிடைக்கிறதே கஷ்டம்.

கிரிட்டிகல் இல்னஸ் பாலிசி, பில் கேட்காம மொத்தமா பணம் தரும். அந்த 2 வருஷத்துக்கு அதுதான் சரியான ஆயுதம். தொகையை எப்படி முடிவு பண்றது? மாசச் செலவு 40,000 ரூபாய்னா 24 மாசத்துக்கு 9,60,000. அதுக்கு மேல டெஸ்ட், பயணம், மருந்து. 15 லட்சத்துக்குக் குறைஞ்சு யோசிக்காதீங்க. காத்திருப்புக் காலமும், நோய் உறுதியான பிறகு இத்தனை நாள் உயிரோட இருக்கணும்ங்கிற நிபந்தனையும் இருக்கும், படிச்சுப் பாருங்க.

சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள இருந்து இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்களா? புற்றுநோய் மாதிரி நீண்டகால நோய்களுக்கு, குறிப்பிட்ட காலம் பங்களிப்பு செலுத்தியிருந்தா, 2 வருஷம் வரை ஊதியத்துல 80 சதவீதம் கிடைக்கும். இது நிறைய பேருக்குத் தெரியவே தெரியாது. ஆஃபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க.

இந்த வார இறுதியில ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, உங்க பாலிசி பி.டி.எஃப்.-ஐத் திறந்து மேலே சொன்ன 4 விஷயத்தை மட்டும் தேடிப் பாருங்க. புரியாத வரி இருந்தா கமெண்ட்ல போடுங்க, அடுத்த வீடியோவுல பேசலாம்.