ஆஷ்லி பார்ட்டி

ஆஷ்லி பார்ட்டி (பிறப்பு: ஏப்ரல் 24, 1996) ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த முன்னாள் டென்னிஸ் வீராங்கனை ஆவார். 2011 இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்ற இவர், ஓயாத பயணமும் பிறரின் எதிர்பார்ப்பும் தந்த சோர்வினால் 2014 இல் டென்னிஸிலிருந்து விலகினார். 2015 இல் பிரிஸ்பேன் ஹீட் துடுப்பாட்ட (கிரிக்கெட்) அணியில் இணைந்து ஆடினார். 2016 இல் மீண்டும் டென்னிஸுக்குத் திரும்பினார். 2019 பிரெஞ்சு ஓப்பன், 2021 விம்பிள்டன், 2022 ஆஸ்திரேலிய ஓப்பன் ஆகிய ஒற்றையர் பட்டங்களை வென்றார்.

போட்டி பற்றிய நோக்கு

தம்மால் இயன்ற அனைத்தையும் அளிப்பதே வெற்றி என்பது பார்ட்டியின் கருத்தாகும். விம்பிள்டன் பட்டம் இவரது நெடுநாள் கனவாக இருந்தது. அது நிறைவேறிய பின், தமது மகிழ்ச்சி ஆட்ட முடிவுகளைச் சார்ந்திருக்கவில்லை என்றும், உச்சநிலையில் போட்டியிடத் தேவையான உடல், உள்ள வலிமை தம்மிடம் எஞ்சவில்லை என்றும் கூறி, மார்ச் 23, 2022 அன்று ஓய்வை அறிவித்தார். அப்போது இவரது வயது 25. மகளிர் ஒற்றையர் தரவரிசையில் உலகின் முதலிடத்தில் இருந்தார்.