பாலையூற்றிலிருந்து பேஷன் டிசைனிங் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு

தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை தைக்க திருகோணமலைப் பாலையூற்றில் யாரும் கொழும்புக்குப் போவதில்லை. அடுத்த தெருவில் தைக்கிற அக்கா ஒருவர் இருப்பார். தாய் போனில் ஒரு படத்தைக் காட்டுவார். அக்கா படத்தையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்தக் கழுத்து இவவுக்கு இறங்கிப்போகும், கொஞ்சம் ஏத்தி வெட்டுறன். நெட் துணி குத்தும், உள்ளுக்குப் பருத்தி லைனிங் போடுவம்" என்பார். யார் உடுக்கப்போகிறார், துணி உடம்பில் எப்படி நிற்கும், எங்கே வெட்ட வேண்டும் என்ற மூன்றையும் அவர் அந்த நிமிடத்திலேயே முடிவெடுத்துவிட்டார். பேஷன் டிசைனரின் வேலையில் பாதி இதுதான்.

உயர்தரம் முடித்த பிள்ளைகள் "பேஷன் டிசைனிங் படிச்சா எதிர்காலம் இருக்கா?" என்று கேட்கிறார்கள். இருக்கிறது. ஆனால் அழகாக வரையத் தெரிந்தால் மட்டும் போதாது. ஒரு சட்டை எப்படி உருவாகிறது என்று முழுதாகத் தெரிந்தவருக்குத்தான் இனி இடம்.

கம்பெனியில் டிசைனர் வரைந்த படம் நேரே மெஷினுக்குப் போவதில்லை. அதற்கு ஒரு டெக்பேக் தயாரிக்க வேண்டும். துணியின் கனம், நூலின் நிறம், தையலின் வகை, பட்டன் அளவு, ஒவ்வொரு சைஸுக்கும் தோள் எத்தனை சென்ரிமீற்றர், கைக்குழி எத்தனை என்று எல்லாமே அதில் எழுதப்பட்டிருக்கும். அதைப் பார்த்து பேட்டர்ன் வெட்டுவார்கள், சாம்பிள் தைப்பார்கள், ஓடர் கொடுத்த கம்பெனியின் பையர் திருத்தம் சொல்வார், மறுபடி தைப்பார்கள். இங்கே டிசைனரின் ஒவ்வொரு கோட்டுக்கும் காசுக் கணக்கு உண்டு. ஒரு ரீசேட்டில் சின்னப் பொக்கற் ஒன்று வைக்க ஒரு நிமிடம் கூடுகிறது என்று வையுங்கள். பத்தாயிரம் ரீசேட்டுக்குப் பத்தாயிரம் நிமிடம், அதாவது 166 மணித்தியாலத்துக்கு மேல். ஒரு பிள்ளை மெஷினில் எட்டு மணித்தியாலப்படி 21 நாள் இருந்து தைக்கிற வேலை அது. பொக்கற்றை வரைய அரை நிமிடமும் ஆகாது. இந்தக் கணக்குத் தெரியாத டிசைனரின் படம் சாம்பிள் மேசையோடு நின்றுவிடும்.

இலங்கை போல இவ்வளவு தைக்கிற நாட்டில் டிசைனர்கள் ஏன் இத்தனை காலம் குறைவாக இருந்தார்கள்? அதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. பாரிஸில் சாள்ஸ் வேர்த் 1858இல் தன் கடையைத் திறந்து, தைத்த உடுப்பில் தன் பெயரையும் பொறித்தார். அங்கே தொடங்கிய வழக்கப்படி பெயரும் வடிவமும் பணக்கார நகரங்களில் தங்கின. தையல் கூலி குறைந்த ஊர்களைத் தேடிப் போனது. இலங்கைக்கு அது வந்த வழி கோட்டா. எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் 1974 முதல் அளவு வைத்திருந்தன. தங்கள் கோட்டா நிரம்பிய ஆசிய முதலாளிகள், கோட்டா மிச்சமிருந்த இலங்கைக்கு வந்தார்கள். 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது. 1992இல் பிரேமதாச அரசு ஊர்ப்புறங்களில் 200 கார்மென்ட்ஸ் அமைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. யுத்தம் முடிந்தபின் கிளிநொச்சியில் மாஸ், புணானையில் பிரண்டிக்ஸ் என்று பெரிய ஆடைக் கம்பெனிகளின் தொழிற்சாலைகள் வடகிழக்குக்கும் வந்தன. பெரும்பாலும் எல்லா இடத்திலும் பையர் அனுப்பியதைத் தைப்பதே வேலை.

இதற்கிடையே 2005 ஜனவரியோடு கோட்டா முறை முடிந்தது. மலிவு விலையில் சீனாவோடும் பங்களாதேஷோடும் இலங்கை போட்டி போட முடியாது. அதனால் பெரிய கம்பெனிகள் உள்ளாடை, விளையாட்டு உடுப்பு போன்ற நுணுக்கமான தையலுக்குத் திரும்பின. படத்துக்குக் காத்திராமல் துணியையும் வடிவத்தையும் தாங்களே உருவாக்கிப் பையருக்குக் காட்டத் தொடங்கின. டிசைனருக்கு இங்கே கதவு திறந்தது அப்போதுதான். இன்று ஆடை ஏற்றுமதி வருடத்துக்கு ஏறத்தாழ 500 கோடி டொலர். நாட்டின் பொருள் ஏற்றுமதியில் ஐந்தில் இரண்டு பங்கு அளவு.

இப்போது வந்திருக்கும் மாற்றம் கணினியில். குளோ, பிரௌஸ்வேர் போன்ற மென்பொருள்களில் பேட்டர்னை வெட்டி, துணியின் கனத்தையும் இழுவையையும் கொடுத்தால் திரையில் ஓர் உருவம் அதை உடுத்தி நடக்கும். எங்கே சுருங்குகிறது, எங்கே இறுக்குகிறது என்று நிறத்தில் காட்டும். சாம்பிளைத் தைத்து விமானத்தில் அனுப்பி வாரக்கணக்கில் காத்திருந்த காலம் குறைந்துவருகிறது. செயற்கை நுண்ணறிவு நூறு படங்களை ஒரு நிமிடத்தில் வரைந்து தரும். படம் மட்டும் வரைகிறவரின் வேலை அதனால் ஆட்டம் காணும் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் படத்தில் கை எப்படி உடலோடு பொருந்தும், சிப் எங்கே வரும் என்று கேட்டால், துணியைத் தொட்டு வெட்டியவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொரு மாற்றம் மிச்சத்தைப் பற்றியது. வெட்டும் மேசையிலேயே துணியில் ஏறத்தாழ 15 சதவீதம் துண்டாகப் போவதாகப் பொதுவாகச் சொல்வார்கள். உடுத்துப் பழசான உடுப்பில் மறுபடி உடுப்பாகத் திரும்பி வருவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. மீதியில் பெருமளவு புதைகுழிக்கும், கானாவின் கந்தமான்ரோ சந்தை போன்ற இடங்களுக்கும், சிலியின் அட்டகாமா பாலைவனத்துக்கும் போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த சட்டப்படி, விற்காத உடுப்பைப் பெரிய கம்பெனிகள் அழிப்பது 2026 ஜூலையிலிருந்து தடை. துணி எங்கே நெய்யப்பட்டது, எதில் சாயமிடப்பட்டது என்ற விவரத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் டிஜிட்டல் கடவுச்சீட்டும் படிப்படியாக வரும். ஆகவே கிழியாமல் உழைக்கவும் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்தவும் ஏற்றபடி வரைவது இனி டிசைனரின் கடமை. துண்டு மிச்சமில்லாமல் உடுப்பது எங்களுக்குப் புதிதல்ல: சேலையிலும் சாரத்திலும் வெட்டே கிடையாது.

தைக்கிற பிள்ளையை மறந்து எதிர்காலத்தைப் பேச எனக்கு மனம் வரவில்லை. 2013 ஏப்ரல் 24இல் பங்களாதேஷில் டாக்காவுக்கு அருகே கார்மென்ட்ஸ் தொழிற்சாலைகள் இருந்த ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விலையைக் குறை, நாளைக் குறை என்ற நெருக்குதல் தொழிற்சாலையில் என்ன செய்யும் என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை. கடைசி நேரத்தில் டிசைனை மாற்றினால் இரவு ஓவர்டைம் செய்வது லைனில் இருக்கிற பிள்ளைதான். வெளிநாட்டு முடிவுகளும் அவளைத்தான் முதலில் தொடும். ஐரோப்பா 2010இல் இலங்கைக்கு ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையை நிறுத்தி 2017இல் திருப்பித் தந்தது. அமெரிக்கா 2025 ஏப்ரலில் 44 சதவீத வரி என்று அறிவித்து ஆகஸ்டில் 20 ஆக்கியது. ஏற்றுமதியை மட்டும் நம்பிய தொழில் இப்படித்தான் ஆடும்.

அதனால் சொந்தப் பெயரில் செய்தவர்களையும் பார்க்க வேண்டும். பார்பரா சன்சோனி 1960களில் கிராமத்துப் பெண்களின் கைத்தறியை வைத்து பெயார்ஃபுட் நிறுவனத்தை உருவாக்கினார். எனா டி சில்வா பத்திக்கைக் கலையாக உயர்த்தினார். லொனாலி ரொட்ரிகோ கார்மென்ட்ஸில் மிஞ்சிய துணியிலேயே புது உடுப்புச் செய்கிறார். எங்கள் கிழக்கில் மருதமுனை நெசவு இருக்கிறது. தறியும் கைத்திறனும் அங்கே உண்டு. அந்தத் துணியை இன்றைய பிள்ளை உடுக்கும்படி வெட்டித் தரும் டிசைனர்கள் போதாது. திருகோணமலைக்காரர் ஒருவர் இறங்கக்கூடிய இடம் அது.

படிக்கும் வழிகள்: மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேஷன் டிசைன் பட்டப்படிப்பு உண்டு. உயர்தரச் சித்தியோடு உளச்சார்புப் பரீட்சையும் எழுத வேண்டும், படிப்பு ஆங்கிலத்தில். தனியார் நிறுவனங்களில் சேர்வதென்றால், சான்றிதழை யார் அங்கீகரிக்கிறார்கள் என்றும் பேட்டர்ன் வெட்டுவதைக் கையால் சொல்லித்தருகிறார்களா என்றும் பணம் கட்டுமுன் கேளுங்கள். அரச தொழிற்பயிற்சி நிலையங்களின் தையல் பாடநெறிகளில் தேசிய தொழிற்தகைமையான என்விகியூ சான்றிதழ் பெறலாம். அதற்கெல்லாம் முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு: தைக்கிற அக்காவிடம் போய் பழைய பிளவுஸ் ஒன்றைத் தையல் பிரித்து, துண்டுகளைக் கடதாசியில் வைத்து வரைந்து, அதே அளவில் மறுபடி வெட்டித் தையுங்கள். கைக்குழி சரியாக வரும்வரை செய்யுங்கள். ஒவ்வொரு முயற்சியையும் படமெடுத்துத் திகதி போட்டு வையுங்கள். நேர்முகப் பரீட்சையில் காட்ட வேண்டிய கோப்பு அதுதான்.