ஏ பி சி டி தெரியுது, படிக்கத்தான் வரலை



மே, ஜூன் மாதத் தீர்மானப் புத்தகங்களைப் புரட்டினால் "பிள்ளை ஸ்கூல் பீஸ்" என்றே வரிசையாக எழுதியிருக்கும். அதிலும் எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு வாங்கும் உள்கடனை நிறையப் பார்க்கிறோம். அதனால்தான் இந்த முறை இதை எழுதுகிறோம்.

பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் ஒரு குழுவில், கூட்டம் முடிந்ததும் ஒரு உறுப்பினர் தன் மகனின் நாலுகோடு நோட்டைக் காட்டினார். பக்கம் பக்கமாக ஏ முதல் இசட் வரை எழுதியிருந்தது. பையன் வாயாலும் கடகடவென்று சொன்னான். அங்கே கிடந்த ஆவின் பால் பாக்கெட்டைக் காட்டி, "இது என்னப்பா?" என்று கேட்டோம். "ஏ, ஏ, வி, ஐ, என்" என்றான். சேர்த்துப் படி என்றால் முழிக்கிறான். "இதுக்கா அக்கா பன்னிரண்டாயிரம் லோன் போட்டேன்? எனக்கும் இங்கிலீஷ் வராது, நான் என்னத்தைச் சொல்லித் தர்றது?" என்று அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பையன் மீது தப்பில்லை, அம்மா மீதும் இல்லை. அவனுக்கு எழுத்தின் பெயரை மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சத்தத்தைச் சொல்லிக் கொடுக்கவில்லை. தமிழில் 'ம' என்ற எழுத்தின் பெயரும் 'ம'தான், சத்தமும் 'ம'தான். இங்கிலீஷில் 'எம்' என்பது பெயர், 'ம்' என்பது சத்தம். ரேஷன் கார்டில் ஒரு பேர், வீட்டில் கூப்பிட ஒரு பேர் என்று நம்மிடம் இல்லையா, அது மாதிரி. படிக்கும்போது உதவுவது சத்தம்தான். ஆவின் பாக்கெட்டில் இரண்டு ஏ சேர்ந்து 'ஆ', அப்புறம் 'வ்', 'இ', 'ன்'. இப்படிச் சொன்னால் பிள்ளையே சேர்த்துக்கொள்ளும்.

எல்லா வார்த்தையும் இவ்வளவு நேராக வராது. ஆவடி ஸ்டேஷன் பலகையைப் பாருங்கள். முதல் ஏ 'ஆ' என்று ஒலிக்கிறது, அடுத்த ஏ 'அ' என்று ஒலிக்கிறது. இந்தத் தொல்லை பெரியவர்களுக்கே உண்டு. ஆகவே சின்னப் பிள்ளைக்கு டின், பின், பென், பஸ் என்று வீட்டில் ஏற்கனவே புழங்குகிற, சத்தப்படியே எழுதுகிற வார்த்தைகளில் ஆரம்பிப்பது நல்லது.

நம் பிள்ளைகள் தடுமாறும் இடம் இன்னொன்று உண்டு. 'பாட்டி', 'பஸ்' இரண்டையும் தமிழில் ஒரே 'ப' போட்டு எழுதுகிறோம். வாயால் சொல்லிப் பாருங்கள், சத்தம் வேறு. 'டீ', 'டாக்டர்' இரண்டும் அப்படித்தான். இங்கிலீஷில் இவற்றுக்குத் தனித்தனி எழுத்து. "இது பாட்டி சத்தமா, பஸ் சத்தமா?" என்று சமைத்துக்கொண்டே விளையாட்டாகக் கேட்கலாம். இதற்கு அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரிய வேண்டியதே இல்லை.

எழுதுவதற்கு வருவோம். 1789-ல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான பள்ளிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் பொறுப்பேற்றார். நம் ஊர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை ஒருநாள் பார்த்தார். இங்கிலீஷ் எழுத்தையும் அப்படியே சொல்லிக் கொடுங்கள் என்றார். ஆசிரியர் முடியாது என்றுவிட்டார். எட்டு வயதுப் பையன் ஒருவனை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வைத்தார், நடந்துவிட்டது! இதை அவர் 1797-ல் லண்டனில் புத்தகமாகப் போட, 'மெட்ராஸ் முறை' என்ற பேரில் அங்கே பல பள்ளிகளுக்குப் பரவியது. நம் மணல் கப்பல் ஏறியது, நாம்தான் மூன்றரை வயதில் பென்சிலைத் திணிக்கிறோம்.

1939-ல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையார் முறையிலும் விரல்தான் முதலில். உப்புத்தாளில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டுவார்கள். பிள்ளை அதை விரலால் தடவிக்கொண்டே சத்தத்தைச் சொல்லும். பென்சில் பிறகுதான். விரலுக்குப் பலம் வர பூக்கட்டுவது, பட்டாணி உரிப்பது, சப்பாத்தி மாவை உருட்டுவது எல்லாமே பயிற்சிதான்.

"ஹோம் ஒர்க் இல்லாத ஸ்கூல் என்ன ஸ்கூல்?" என்று கேட்கும் உறுப்பினர்களும் இருக்கிறார்கள். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 1, 2-ஆம் வகுப்புக்கே வீட்டுப்பாடம் கூடாது என்று 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மழலையர் வகுப்பில் எழுத்துத் தேர்வோ வாய்மொழித் தேர்வோ வைக்க வேண்டாம் என்று 2019-ல் என்.சி.இ.ஆர்.டி. வழிகாட்டியது. பள்ளியில் கேட்பதற்கு நமக்குத் தயக்கமாக இருக்கும். நாலு அம்மாக்கள் சேர்ந்து போய், "சத்தம் சொல்லித் தர்றீங்களா, இல்லை எழுத மட்டும் வைக்கிறீங்களா?" என்று கேளுங்கள். கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்பது இன்னும் நல்லது. அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் 2019 ஜனவரியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். உங்கள் பக்கத்துப் பள்ளியில் உண்டா என்றும் விசாரியுங்கள்.

அந்தப் பையனுக்கு இப்போது மூன்றாம் வகுப்புப் படிக்கும் அக்காதான் டீச்சர். தட்டில் அரிசி மாவைப் பரப்பி எழுத வைக்கிறாளாம். போன வாரம் 'டின்' என்று படித்துவிட்டு, "நம்ம எண்ணெய் டின்னாம்மா?" என்று கேட்டானாம்.

அடுத்த கூட்டத்துக்குப் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். ஒரு தட்டும், சலித்த மணல் ஒரு பிடியும் போதும். உப்புத்தாள், அட்டை, கத்தரிக்கோல் நாங்கள் கொண்டு வருகிறோம்.