நாட் விதி சரிதான், பாக்கெட் வரவில்லையே!

வீட்டுக்குள் இருக்கும் 192.168 முகவரிகளை, வெளியே போகும்போது ஒரே பொது முகவரியாக மாற்றுவதுதான் நாட். 1994-ல் வந்த ஆர்எஃப்சி 1631 இதைத் தற்காலிக ஏற்பாடாகத்தான் முன்வைத்தது. முப்பது வருஷம் கழித்தும் அதில்தான் வண்டி ஓடுகிறது.

காயல்பட்டினத்தில் ஒரு வீடு. பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு ஃபயர்வால், உள்ளே வாசல் கேமரா. ஹாங்காங்கில் இருக்கும் காக்கா போன் பண்ணினார்: "தம்பி, வாப்பா தனியா இருக்காங்க. ரெண்டு நாளா கேமரா தெரியல."

இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் விதிகளைத்தான் முறைத்துப் பார்ப்பார்கள். அதில் இரண்டு இடம் வழுக்கும். வெளியிலிருந்து வரும் பாக்கெட்டின் சேருமிடத்தை டிநாட் விதி ப்ரீரவுட்டிங்கிலேயே கேமராவின் உள் முகவரியாக மாற்றிவிடும். ஃபார்வர்ட் சங்கிலி அதற்கப்புறம்தான். ஆகவே ஃபார்வர்டில் பொது முகவரியைப் போட்டு அனுமதித்தால் அது பொருந்தவே பொருந்தாது. உள் முகவரி, உள் போர்ட்தான் போட வேண்டும். நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் இதுதான்.

இன்னொன்று: நாட் டேபிள் ஓர் இணைப்பின் முதல் பாக்கெட்டை மட்டுமே பார்க்கும். மிச்சமெல்லாம் கான்ட்ராக் வைத்திருக்கும் பதிவின்படி போகும். விதியை மாற்றினாலும் பழைய இணைப்பு பழைய வழியிலேயே போகும். விடாமல் யூடிபி அனுப்பும் ஐபி போன்களில் இது ஆளைக் கிறுக்காக்கிவிடும். அந்தப் பதிவை அழித்துவிட்டுச் சோதியுங்கள்.

இங்கே இரண்டும் சரி. வெளி இன்டர்ஃபேஸில் டிசிபிடம்ப் ஓடவிட்டு, காக்காவைத் திறக்கச் சொன்னேன். ஒரு பாக்கெட்கூட வரவில்லை. வராத பாக்கெட்டை விதி என்ன செய்யும்? (உண்மையில் முதலில் செய்ய வேண்டியதே இந்தச் சோதனைதான்.)

வெளி இன்டர்ஃபேஸின் முகவரியைப் பார்த்தால் 100.72 என்று ஆரம்பிக்கிறது. 100.64 முதல் 100.127 வரை, இணைய நிறுவனங்கள் தங்களுக்குள் நாட் செய்துகொள்ள 2012-ல் ஆர்எஃப்சி 6598 ஒதுக்கிய இடம். அதாவது, நம் நாட்டுக்கு மேலே நிறுவனம் இன்னொரு நாட் போட்டிருக்கிறது. ஏபிநிக்கின் பொதுக் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது, அவர்களும் என்ன செய்வார்கள். ஆனால் வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இதற்கு உள்ளே எந்த விதி போட்டும் பயனில்லை. பொது முகவரி உள்ள சின்ன வாடகை சர்வர் ஒன்றை எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்ட் சுரங்கம் போட்டோம். இணைப்பை வீடே தொடங்குவதால் மேல் நாட் தடுக்காது. 25 விநாடிக்கு ஒரு பாக்கெட் போய்க்கொண்டிருப்பதால் அங்குள்ள பதிவும் காலாவதியாகாது.