நீரிழிவும் தலையெழுத்தும்

"தகப்பனாருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது, எனக்கும் வந்துவிட்டது. இது எங்கள் குடும்பச் சொத்து!" இவ்விதம் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போகிறவர்களைச் செட்டியார்பட்டியிலும் காணலாம், சென்னைப் பட்டணத்திலும் காணலாம். இந்த வார்த்தையில் பாதி உண்மை. மறு பாதி பெருந்தீங்கு விளைவிப்பது என்று நாம் கருதுகிறோம்.

முதலில் உண்மையைப் பார்ப்போம். மாட்டுக்குச் சுழியும் நாய்க்கு வம்சமும் பார்த்து வாங்குகிற சீமை நம்முடையது. வெண்ணிற ராஜபாளையம் நாய்களில் சில பிறவிச் செவிடாக இருப்பதை அறிந்தவர்களுக்குப் பரம்பரையின் வலிமையை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நீரிழிவிலும் பரம்பரைக்குப் பங்குண்டு. கணையம் இன்சுலினைச் சுரப்பதைப் பாதிக்கும் டி.சி.எப்.7.எல்.2 என்னும் மரபணுவின் மாறுதலை 2006-ம் வருஷத்தில் ஐஸ்லாந்து ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். சென்னையில் நடந்த ஆராய்ச்சி நம்மவரிடமும் அதே தொடர்பை உறுதிப்படுத்தியது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இம்மாறுதலைப் பெற்றவருக்கு அபாயம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது.

ஆயினும் நாயின் செவிடு பிறப்போடு முடிந்துவிடும் விஷயம், நீரிழிவு அவ்வாறன்று. இம்மாறுதல் இருந்தும் ஆயுள் முழுதும் வியாதி வராதவர் பலர். இல்லாமலே வந்தவரும் பலர். இதுபோன்ற அடையாளங்கள் நூற்றுக்கணக்கில் கண்டறியப்பட்டிருந்தும், தனித்தனியே ஒவ்வொன்றின் பலமும் சொற்பமே.

பரம்பரையின் பங்கு எவ்வளவு என்பதை விளக்க ஒரு நல்ல கணக்கு நம்மிடமே இருக்கிறது. டாக்டர் வி. மோகனும் அவர் குழுவினரும் சென்னை மக்களை ஆராய்ந்து 2005-ல் வகுத்த இந்திய நீரிழிவு அபாய மதிப்பீட்டில் மொத்தம் 100 புள்ளிகள். தாய் தந்தை இருவருக்கும் வியாதி இருந்தால் 20. ஒருவருக்கு மட்டும் என்றால் 10. வயதுக்கு அதிகபட்சம் 30. மீதமுள்ள 50-ம் இடுப்பின் சுற்றளவையும் உடலுழைப்பையும் பொறுத்தவை! 60-ம் அதற்கு மேலும் பெற்றவர் பேரபாயத்தில் இருப்பவர்.

கடையில் உட்கார்ந்து கணக்கெழுதும் 40 வயதுடைய ஒருவரை எடுத்துக்கொள்வோம். தந்தைக்கு நீரிழிவு, இடுப்பளவு 92 சென்டிமீட்டர், உடற்பயிற்சி கிடையாது. அவருக்கு 70 புள்ளிகள். அவரே தினமும் தவறாது நடந்து, இடுப்பளவை 90-க்குள் கொண்டுவந்துவிட்டால் 50 ஆகிறது. தந்தையை மாற்றிக்கொள்ளாமலே 20 புள்ளிகள் குறைந்துவிட்டன!

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் கவனித்து 2006-ல் வெளியிட்ட முடிவுகளைப் பாருங்கள். சாதாரண யோசனையோடு விடப்பட்டவர்களில் 100-க்கு 55 பேர் நோயாளிகளானார்கள். உணவையும் நடையையும் சீர்செய்துகொண்டவர்களில் அவ்வாறானவர் 39 பேரே.

தேசத்தில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் மதிப்பிட்டது. இந்நிலையில் குடும்ப வியாதியைக் கல்யாணப் பேச்சுக்குப் பயந்து மறைப்பதால் யாருக்கு என்ன லாபம்? ஜாதகத்தை மூன்று ஜோசியரிடம் காட்டுகிற நாம், தகப்பனாரின் நோயைப் பிள்ளைக்குச் சொல்லத் தயங்குகிறோம். அறியாத பிள்ளை பரிசோதனைக்குப் போவதில்லை; கண்ணும் சிறுநீரகமும் கெட்ட பிறகே விழித்துக்கொள்கிறான்.

விலையுயர்ந்த மரபணுப் பரிசோதனை நம் ஜனங்களுக்கு அவசியமில்லை. ஓர் அளவு நாடாவும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு துளி இரத்தமும் போதும். வீட்டில் ஒருவருக்கேனும் நீரிழிவு இருந்தால், 30 வயதைத் தாண்டிய மக்கள் அனைவரும் பரிசோதித்துக்கொள்ளட்டும். ஊர்ப் பொதுஜன ஊழியர்கள் இதைத் தெருத்தெருவாக எடுத்துச் சொல்லட்டும். பேரூராட்சியார் அந்திவேளையில் ஆணும் பெண்ணும் அச்சமின்றி நடப்பதற்கு வெளிச்சமுள்ள பாதையை அமைத்துத் தரட்டும். குடும்பச் சொத்தென்று பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல இந்த வியாதிதானா கிடைத்தது என்று நாம் கேட்கிறோம்.