சர்வர் தடுமாறுகிறதா? பணம் கட்டும் முன் அளந்து பாருங்கள்

நம் பிள்ளைகளில் பலர் இன்று சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறார்கள். இணையதளம் மெதுவானால் முதலில் அழைப்பு வருவது அவர்களுக்குத்தான். "இதைவிடப் பெரிய சர்வர் எடுத்துவிடலாமா?" என்று நிர்வாகம் கேட்கும். அவசரத்தில் 'ஆம்' என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டியிருக்கும். பணம் கட்டிய பிறகும் நோய் தீராவிட்டால், பிள்ளையின் பெயர்தான் கெடும்.

ஒரு சர்வரில் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை நான்கு: சிபியு, நினைவகம், வட்டு, நெட்வொர்க். இவற்றில் ஒன்று திணறினாலும் எல்லா வேலைகளும் அதன் முன்னால் வரிசைகட்டி நின்றுவிடும். மற்ற மூன்றையும் இரட்டிப்பாக்கினாலும் பயனில்லை. எது திணறுகிறது என்பதைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். நான்கு கோர் கொண்ட ஒரு லினக்ஸ் சர்வர், இரவு 10 மணிக்கு மேல் தவழ ஆரம்பிக்கிறது. 'அப்டைம்' என்ற கட்டளையைக் கொடுத்தால், லோட் ஆவரேஜ் 12, 9, 4 என்று வருகிறது. இவை முறையே கடந்த 1, 5, 15 நிமிடங்களின் சராசரிச் சுமை. முதல் எண் பெரிதாக இருப்பதால் சுமை ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

கோர் நான்கு, சுமை பன்னிரண்டு. அப்படியானால் சிபியு போதவில்லை என்றுதானே தோன்றும்? பலரும் தவறு செய்வது இங்கேதான். லினக்ஸில் இந்த எண், சிபியுவுக்காகக் காத்திருக்கும் வேலைகளை மட்டும் எண்ணுவதில்லை. வட்டிலிருந்து பதில் வராமல் நிற்கும் வேலைகளையும் சேர்த்தே எண்ணுகிறது.

எனவே அடுத்து 'விஎம்ஸ்டாட் 1' கொடுக்க வேண்டும். நொடிக்கு ஒரு வரி வரும். முதல் வரி சர்வர் இயங்கத் தொடங்கியதிலிருந்து உள்ள சராசரி என்பதால் அதை விட்டுவிடலாம். 'ஆர்' என்ற பத்தியில் 1, 'பி' என்ற பத்தியில் 11 என்று இருக்கிறது. அதாவது சிபியுவில் ஒரே ஒரு வேலைதான்; பதினொன்று வட்டுக்காகக் காத்து நிற்கின்றன. வட்டுக்காகக் காத்திருந்த நேரத்தைக் காட்டும் 'டபிள்யூஏ' 60 சதவீதம். நினைவகம் போதாமல் வட்டுக்கு மாற்றப்படுவதைக் காட்டும் 'எஸ்ஐ', 'எஸ்ஓ' இரண்டும் பூஜ்யம். ஆக, சிபியுவும் நினைவகமும் குற்றவாளிகள் அல்ல.

நினைவகத்தைப் பற்றி இன்னொன்று. 'ஃப்ரீ' கட்டளையில் காலியிடம் குறைவாகத் தெரிந்தால் பதற வேண்டாம். சும்மா கிடக்கும் நினைவகத்தைக் கோப்புகளை வேகமாகத் தர லினக்ஸ் பயன்படுத்திக்கொள்ளும். தேவைப்பட்டால் திருப்பித் தந்துவிடும். பார்க்க வேண்டியது 'அவைலபிள்' பத்தியைத்தான்.

இனி 'ஐஓஸ்டாட்' கட்டளை, வட்டு ஒவ்வொரு கோரிக்கைக்கும் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைக் காட்டும். பகலில் 2 மில்லி வினாடியாக இருந்தது இப்போது 80. 'பிட்ஸ்டாட்' கட்டளை, வட்டை அதிகம் பயன்படுத்தும் நிரலின் பெயரையே சொல்லிவிடும். அது என்ன? இரவு 10 மணிக்குத் தானாகத் தொடங்கும் பேக்கப்! அதை அதிகாலை 3 மணிக்கு மாற்றினால் போதும், செலவு ஏதுமில்லை. சிபியுவைப் பெரிதாக்கியிருந்தால், மறுநாள் இரவும் அதே 10 மணிக்கு அதே அழைப்பு வந்திருக்கும்.

இத்துறை வல்லுநர் பிரெண்டன் கிரெக் வகுத்த ஒரு முறை இதற்கு நல்ல வழிகாட்டி. ஒவ்வொரு வளத்திடமும் மூன்று கேள்விகள்: எந்த அளவுக்குப் பயன்பாட்டில் இருக்கிறது? வேலைகள் காத்து நிற்கின்றனவா? பிழைகள் ஏதும் பதிவாகியிருக்கின்றனவா? நான்கு வளங்களையும் இப்படி விசாரித்துவிட்டால் ஊகத்துக்கு அதிக இடம் இருக்காது.

வாடகை மெய்நிகர் சர்வராக இருந்தால் 'எஸ்டி' பத்தியையும் பாருங்கள். அது தொடர்ந்து உயர்ந்திருந்தால், நமக்குக் கிடைக்க வேண்டிய சிபியு நேரம் அதே இயந்திரத்தில் வேறு வேலைகளுக்குப் போகிறது. அந்த எண்ணோடு சேவை நிறுவனத்திடம் முறையிடலாம்.

கடைசியாக இரண்டு பழக்கங்கள். சர்வர் நன்றாக ஓடும் நாளிலேயே 'சார்' கருவி மூலம் அளவுகளைப் பதிவு செய்து வையுங்கள். இயல்பு நிலை தெரிந்தால்தான் கோளாறு தெரியும். திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மீண்டும் அளந்து பாருங்கள். அப்போதுதான் எது பலன் தந்தது என்பதை நிர்வாகத்திடம் உறுதியாகச் சொல்ல முடியும்.