ரங்கராஜன்கள் வந்த வழி

கவிஞர் வாலியும் எழுத்தாளர் சுஜாதாவும் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர்கள். இருவருக்கும் வீட்டில் வைத்த பெயர் ஒன்றே: ரங்கராஜன். ஸ்ரீரங்கத்துக்காரர்கள் யாரும் இதைக் கேட்டு வியக்கமாட்டார்கள்.

முக்கொம்பில் காவிரியை விட்டுக் கொள்ளிடம் பிரிகிறது. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் தீவு ஸ்ரீரங்கம். ஆற்றிடைக்குறையைப் பழந்தமிழ் ‘அரங்கம்’ என்றது; அங்கே பள்ளிகொண்டவர் அரங்கன். சிலப்பதிகாரத்திலேயே அவருடைய கிடந்த கோலம் பேசப்படுகிறது. காவிரியோடு மேலே போனால் ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், சிவசமுத்திரம் மத்தியரங்கம். அவையும் தீவுகள், அங்கும் பெருமாள் சயனத்தில்தான். கன்னட நாட்டில் ரங்கப்பாக்களுக்கும் ரங்கண்ணாக்களுக்கும் குறைவில்லாததில் ஆச்சரியம் என்ன?

பெருமாள் பெயரைப் பிள்ளைக்கு வைத்தால், கூப்பிடும்போதெல்லாம் புண்ணியம் என்பது வைணவ வீடுகளின் கணக்கு. ரங்கநாதன், ரங்கசாமி, ரங்காச்சாரி என்று பெயர் கிளைத்தது. பெண்ணுக்குத் தாயார் பெயர், ரங்கநாயகி. வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசலில் உற்சவர் நம்பெருமாளைப் பார்த்துக் கூட்டம் எழுப்பும் ‘ரங்கா! ரங்கா!’ முழக்கமும், சாப்பிட வராத பையனை அம்மா அழைக்கும் குரலும் ஒரே பெயரைத்தான் சொல்கின்றன.

பழைய ரங்கன்களில் வைணவ ஆசாரியர் ஆளவந்தாரின் மகன் திருவரங்கப்பெருமாள் அரையர் ஒருவர். இராமானுச நூற்றந்தாதி பாடியவர் திருவரங்கத்தமுதனார். பெயர் அரண்மனைக்கும் போனது. விஜயநகரத்தின் அரவீடு மரபில் முதலாம் ஸ்ரீரங்கன் 1572 முதல் 1586 வரை ஆண்டார். 1642இல் பட்டத்துக்கு வந்த மூன்றாம் ஸ்ரீரங்கனோடு அந்தப் பேரரசு முடிந்தது. நம் காலத்தில், 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்த சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன், 1992 முதல் 1997 வரை ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்த சி.ரங்கராஜன். திராவிட இயக்கத்தில் அதே பெயர் தமிழ் உருவில் நின்றது: இராம.அரங்கண்ணல்.

இத்தனை பேர் இருந்தால் ஆளை அடையாளம் காண்பது எப்படி? இனிஷியல் கொஞ்ச தூரம் உதவும். பத்திரிகையில் அதுவும் போதவில்லை. குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி.ரங்கராஜன் எழுதிக்கொண்டிருந்தார். குழப்பம் வேண்டாமென்று எஸ்.ரங்கராஜன் மனைவி பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். ஓவியர் மாலியைப் போல வரைய ஆசைப்பட்ட டி.எஸ்.ரங்கராஜனுக்கு நண்பர் சூட்டிய பெயர் வாலி.

புனைபெயரில் புகழ்பெற்ற சுஜாதாவாலும் சொந்தப் பெயரை முழுக்க விட முடியவில்லை. அவருடைய ஸ்ரீரங்கத்துக் கதைகளில் ஊர் வம்பெல்லாம் கூடுகிற இடம், ரங்கு கடை.